லெனோரா வேலின் ஒன்பதாவது வரி

1

நவம்பர் 8, 2024. வெள்ளி.

நேற்று வகுப்பில் வாசித்த என் கட்டுரையில் ஒரு பிழை. “ஒவ்வொரு நவம்பர் பதினாறாம் தேதியும் லெனோரா வேல் கப்பலோடு மூழ்கியவர்களுக்காகத் துறைமுக மணி ஒன்பது முறை அடிக்கப்படுகிறது” என்று எழுதியிருந்தேன். எட்டு முறைதான் அடிப்பார்கள். சிறுமியாக இருந்த நாளிலிருந்து அந்த மணியைக் கேட்டுவருகிறேன், தெரியாமல் எழுதவில்லை. கப்பல்காரர்களின் அலுவலகப் பட்டியலைப் பார்த்து எழுதியதால் வந்த வினை. அதில் ஒன்பது பெயர்கள் இருக்கின்றன. ஆறாவது பெயரைப் பென்சிலால் அடித்திருக்கிறார்கள். நகல் எடுத்தபோது அந்தக் கோடு சரியாக விழவில்லை.

வகுப்பில் யாரும் கவனிக்கவில்லை. வீட்டுக்கு வந்து நான்தான் கவனித்தேன். திருத்துவதற்காக உட்கார்ந்தேன். அடிக்கப்பட்ட பெயருக்குரியவர் அந்த வாரம் எங்கே இருந்தார் என்று ஒரு தேதியைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. அதற்காக, வகுப்புக்காக நான் வாசித்துவரும் பழைய நோட்டில், இந்த மாதக் கடைசியில்தான் வந்து சேர்வதாக இருந்த ஒரு பக்கத்தை முன்கூட்டியே திறந்தேன்.

கதை அங்கிருந்துதான் வந்தது. ஒரு பிழையைத் திருத்தப் போய். இப்போது எது பிழை என்றே எனக்குத் தெரியவில்லை.

2

ஆரம்பத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

“ஏரி அன்று காலை சாம்பல் நிறமாக—” [எங்கள் ஏரி எல்லா நவம்பர் காலையிலும் சாம்பல் நிறம்தான். இதில் என்ன செய்தி?]

“கப்பல் மூழ்கும்போது எழும் சத்தம்—” [நான் கேட்டதில்லை. கேட்டவர்கள் யாரும் சொல்லவில்லை.]

“நான் சாவி வெட்டுகிறவள்.”

இது பரவாயில்லை. குறைந்தபட்சம் உண்மை. ஸ்லேட் பே என்கிற எங்கள் ஏரிக்கரை ஊரில், ஒரு இரும்புச் சாமான் கடையில் எனக்குப் பகல் வேலை. சாவி வெட்டுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிடும்: மூலச் சாவியையும் நகலையும் முதுகோடு முதுகு வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போம். பல்லுக்குப் பல் பொருந்த வேண்டும். பொருந்தாததை நான் ஆளிடம் கொடுப்பதில்லை.

வியாழன் மாலைகளில் கலங்கரை விளக்கத்தின் அடித்தளத்தில் ஒரு வகுப்பு நடக்கிறது. இந்த ஏரியில் மூழ்கிய கப்பல்களைப் பற்றிய பழைய காகிதங்களை வாசிக்கக் கற்றுக்கொள்ளும் வகுப்பு. ஏழு பேர் வருகிறோம். நடத்துபவர் நில்ஸ். பகலில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். செப்டம்பரில் சீட்டுக் குலுக்கி ஆளுக்கொரு பெட்டி கொடுத்தார். ஒருவருக்கு விளக்குக் காவலரின் நாட்குறிப்பு, ஒருவருக்குக் காப்பீட்டு அறிக்கைகள், ஒருவருக்குப் புயல் எச்சரிக்கைத் தந்திகள். எனக்கு ஒரு மான் வேட்டை முகாமின் நோட்டுப் புத்தகம்.

“கப்பல் வகுப்புல மாரிட்டுக்கு மட்டும் மான் கெடச்சிருக்கு” என்றார் நில்ஸ். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்குக் கிடைப்பது இப்படித்தான் இருக்கும் என்றும் நினைத்துக்கொண்டேன்.

காட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு வேட்டைக் குடிசையிலும் அப்படி ஒரு நோட்டு ஆணியில் தொங்கும். காற்று எந்தப் பக்கம், யார் வந்தார்கள், யார் சுட்டார்கள், யார் குறட்டை விட்டார்கள், யார் உருளைக்கிழங்கைக் கருக்கினார்கள் என்று எழுதிவைப்பார்கள். என்னுடையது, இங்கே வந்து குடியேறிய பழைய ஆட்களின் ஃபின்னிஷ் மொழியில் இருந்தது. எனக்குத் தெரிந்த ஃபின்னிஷ் திட்டுவதற்கும் சாப்பாட்டுக்கு முன் ஜெபம் சொல்வதற்கும்தான் போதும். அகராதி வைத்துக்கொண்டு ஒரு மாலைக்கு இருபது வரி.

நோட்டைக் கலங்கரை விளக்கத்தில் உள்ள அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தவர் ஹெல்வி அத்தை. எனக்கு உறவில்லை, ஊரே அவரை அத்தை என்றுதான் கூப்பிடும். எண்பத்தொரு வயது. முகாமை விற்றபோது, பழைய ஆட்களின் பிள்ளைகளில் அவர்தான் மிச்சம் என்று யாரோ நோட்டை அவரிடம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். அவருக்கு அந்த மொழி படிக்கத் தெரியாது. பள்ளிக்கூடத்துக்கு இங்கிலீஷ் போதும் என்று அவருடைய அப்பா கற்றுக்கொடுக்கவில்லை. வியாழன்தோறும் வகுப்புக்குக் காப்பியும் ஏலக்காய் போட்ட பின்னல் ரொட்டியும் கொண்டுவருவார். என் மேசை அருகே வந்து கேட்பார்: “இன்னைக்கு யாருடி கொறட்டை விட்டா?”

நான் வாசித்துச் சொல்வேன். குலுங்கிச் சிரிப்பார்.

பென்சிலால் அடிக்கப்பட்ட ஆறாவது பெயர் அவருடைய அப்பாவுடையது. வைனோ ரன்டலா.

3

கதையை ஹெல்வி அத்தை சொல்கிறபடியே முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் கேட்டிருக்கிறோம். ஆண்டுதோறும், மணி அடிப்பதற்கு முன்பு, துறைமுகப் படியில் நின்று சொல்வார்.

லெனோரா வேல் காகிதக் கூழுக்கான மரம் ஏற்றும் சின்ன நீராவிக் கப்பல். 1949 நவம்பர் 14, திங்கள் பிற்பகல், அந்த ஆண்டின் கடைசிப் பயணமாகக் கிளம்பியது. பதினாறாம் தேதி விடிவதற்குள் மூழ்கிவிட்டது. கரைக்கு வந்தவை ஒரு துடுப்பு, ஒரு சமையலறைக் கதவு, காலரின் உள்பக்கம் ‘வை. ரன்டலா’ என்று மையில் எழுதிய ஒரு மழைக்கோட்டு. ஆட்கள் வரவில்லை. இந்த ஏரியில் வருவதில்லை. அடித்தண்ணீரின் குளிர் அவர்களை மேலே விடாது.*

[*கோடையில் இரண்டு பேர் படகில் ஒலிக்கருவியை இழுத்துக்கொண்டு ஏரியின் அடியை வரிவரியாகத் துழாவுகிறார்கள். மூன்று கோடையில் அவர்கள் கண்டது ஒரு டிராக்டர். எப்போதோ ஐஸ் உடைந்து உள்ளே போனது. லெனோரா வேல் இன்னும் அகப்படவில்லை.]

இனி அத்தையின் குரல்:

“ஞாயித்துக்கெழம. எனக்கு ஆறு வயசு. கோயில் நெறைய ஜனம். பாதிரியார் ஒம்பது பேரு பேரையும் படிக்கிறாரு. எங்கப்பா பேரு வருது. அம்மா என் கையப் புடிச்ச புடியில எனக்கு வெரலு மரத்துப் போச்சு. அப்ப பின்னாடி கதவு தெறக்குது, ஜில்லுனு காத்து. திரும்பிப் பாத்தா, எங்கப்பா! அஞ்சு நாள் தாடி, தோள்ல துப்பாக்கி, மேலெல்லாம் பொக நாத்தம். பாதிரியாருக்குத் தொறந்த வாய் மூடல. எங்கம்மா எழுந்து போயி என்ன பண்ணா தெரியுமா? பளார்னு ஒரு அறை. அதுக்கப்பறந்தான் அழுதா.”

இந்த இடத்தில் கூட்டம் சிரிக்கும். நாற்பது முறை கேட்டவர்களும் சிரிப்பார்கள்.

“எங்க போய்த் தொலஞ்சீருன்னு கேட்டா, மான் சுடப் போனாராம்! கடைசிப் பயணத்துக்கு மட்டம் போட்டுட்டு, கோட்டக் கப்பல்லயே மறந்து விட்டுட்டுப் போயிட்டாராம். எங்கப்பாவ ஒரு மான் காப்பாத்திச்சு. அந்த மானைக்கூட அவரு சுடல.”

[நவம்பர் 15 வேட்டைப் பருவத்தின் முதல் நாள். எங்கள் பக்கத்தில் அன்று பள்ளிக்கூடம் கிடையாது. கல்யாணம் வைக்க மாட்டார்கள். பல் மருத்துவர் கதவில் மான் படம் வரைந்த அட்டை தொங்கும்.]

பிறகு அத்தை குரலைத் தாழ்த்துவார். “அதுக்கப்பறம் அவரு காட்டுப் பக்கமே போகல. வருஷா வருஷம் அவருதான் மணி அடிப்பாரு. எட்டாவது அடிச்ச பொறவும் கயித்த விடமாட்டாரு. புடிச்சிட்டே நிப்பாரு. கடவுளுக்கு நன்றி சொல்றாருன்னு நான் நெனச்சுக்குவேன்.”

பிறகு அத்தை எட்டுப் பெயர்களை வாசிப்பார். எட்டு முறை அடிப்பார். அவருடைய அப்பா 1981இல் இறந்ததிலிருந்து அவர்தான் அடிக்கிறார். இந்த அக்டோபரில் வாசற்படியில் வழுக்கி விழுந்து வலது தோளை உடைத்துக்கொண்டார். அதனால் இந்த ஆண்டு, எழுபத்தைந்தாம் ஆண்டு, பெயர்களை அவர் வாசிக்க வேண்டும், கயிற்றை நான் இழுக்க வேண்டும்.

4

நான் முன்கூட்டியே திறந்த பக்கம். எழுதியவர் முகாமின் சொந்தக்காரர் ஹெய்க்கி.

*திங்கள் 14. காற்று வடமேற்கு. பொடிப் பனி. இருட்டும் நேரம் வைனோ நடந்தே வந்தான். கப்பலில் தன் இடத்தை டெல்மருக்குக் கொடுத்துவிட்டானாம். தன் மழைக்கோட்டையும் கொடுத்திருக்கிறான், முட்டாள். உருளைக்கிழங்கு கருகிவிட்டது, நான்தான்.*

*சனி 19. கடைக்குப் போயிருந்த நம் முகாம் ஆள் லௌரி செய்தியோடு வந்தான். கப்பல் போய்விட்டது. வைனோ சாப்பிடவில்லை. ஊருக்குப் பதினான்கு மைல், இந்தப் பனியில் வேண்டாம் என்றேன். போய்விட்டான்.*

அடுத்த ஆண்டு: *வைனோ வரவில்லை.* அதற்கடுத்த ஆண்டு: *வைனோ வரவில்லை.* பிறகு அதையும் எழுதுவதை விட்டுவிட்டார்.

‘இடம்’, ‘கொடுத்தான்’ இரண்டு சொற்களையும் இரண்டு அகராதிகளில் பார்த்தேன். வேறு அர்த்தம் எதுவும் கிடைக்கவில்லை.

கடைசிப் பயணத்தில் ஆள் மாற்றிக்கொள்வது அந்தக் காலத்தில் சாதாரணம். வேட்டைக்குப் போக வேண்டியவன், துறைமுகத்தில் வேலைக்காக நிற்பவனைத் தன் இடத்துக்கு அனுப்பிவிடுவான். கப்பலில் கை குறையாமல் இருந்தால் போதும், கேட்க மாட்டார்கள். அலுவலகத்தில் இருக்கும் பட்டியலை யாரும் மாற்றுவதில்லை. வைனோ உயிரோடு வந்ததும் அவர் பெயரை அடித்தார்கள். அவர் இடத்தில் ஏறியவனின் பெயரை எழுத யாருக்கும் தெரியவில்லை. உடல்கள் வந்திருந்தால் எண்ணியிருப்பார்கள்.

கப்பலில் ஒன்பது பேர் இருந்தார்கள். நேற்று நான் வகுப்பில் வாசித்ததுதான் சரியான எண்ணிக்கை.

5

வைனோ ரன்டலா ஒரு கோழை. கோயில் வாசலில் நின்று எல்லோரையும்

[அடித்துவிட்டேன். அவர் இறந்து பதினெட்டு ஆண்டுகள் கழித்துப் பிறந்தவள் நான்.]

வைனோ ரன்டலா ஒரு நல்ல மனிதர். குளிருக்கு நல்ல கோட்டில்லாத ஒருவனுக்குத் தன் கோட்டையும் வேலையையும்

[இதுவும் இல்லை. அவர் மான் சுடப் போக ஆசைப்பட்டார். அவ்வளவுதான் நடந்தது. இதில் நல்லவரும் இல்லை, கெட்டவரும் இல்லை.]

மூன்றாவது முறை: பதினான்கு மைலும் அவர் ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடக்கிறார். கதவைத் திறக்கிறார். சொல்ல வாயெடுக்கும்போது கன்னத்தில் அறை விழுகிறது. மனைவி அழுகிறாள். மகள் காலைக் கட்டிக்கொள்கிறாள். பிறகு யாரோ சிரிக்கிறார்கள், பிறகு கோயிலே சிரிக்கிறது, எட்டு வீட்டுக்காரர்கள் தவிர. அந்தச் சிரிப்பில் எந்த இடத்தில் அந்த வாக்கியத்தை வைப்பது? மறுநாள் சொல்லலாம். மறுநாள் ‘நேற்றே ஏன் சொல்லவில்லை’ என்று கேட்பார்கள். ஒரு வாரம் கழித்து இன்னும் கடினம்.

இதை நம்புகிறேன். நம்ப விரும்புகிறேன் என்பதால் சந்தேகப்படுகிறேன்.

டெல்மரைப் பற்றி என்னிடம் ஒன்றும் இல்லை. சிவப்பு முடி கொடுத்தேன், எடுத்துவிட்டேன். ஒரு மவுத் ஆர்கன் கொடுத்தேன், அதையும் எடுத்துவிட்டேன். இருப்பது ஒரு பெயர், பாதிப் பெயர், அடுத்தவருடைய ஒரு கோட்டு.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பக்கத்தை வாசித்து முடித்தபோது எனக்கு முதலில் வந்தது துக்கம் அல்ல. வியாழக்கிழமை நில்ஸ் எப்படிப் பாராட்டுவார் என்ற நினைப்புதான்.

6

நவம்பர் 10. ஞாயிறு.

ஹெல்வி அத்தை வீட்டுக்குப் போனேன். நோட்டும், மொழிபெயர்த்து எழுதிய தாளும் கையில்.

“வா, வா. பூட்ஸக் கழட்டு. யாரு கொறட்டை விட்டா இன்னைக்கு?”

“யாரும் விடல, அத்தை.”

“ஏன்டி மூஞ்சி இப்படி இருக்கு? ஒன் கடை மொதலாளி ராய் ஒன்ன வேலைய விட்டு அனுப்பிட்டானா? சொல்லு, நான் வந்து ரெண்டு வாங்கு வாங்குறேன். ஒத்தக் கையால.”

காப்பி ஊற்றினார். இடது கையால் ஊற்றியதால் தட்டில் கொஞ்சம் சிந்தியது. நான் தாளை விரித்தேன்.

“படிக்கட்டுமா?”

“அதுக்குத்தானே வந்துருக்க.”

வாசித்தேன். அவர் கரண்டியால் காப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தார். நான் முடித்த பிறகும் கலக்கிக்கொண்டிருந்தார்.

“இன்னொரு தடவ.”

வாசித்தேன்.

“டெல்மரா? நல்லாப் பாத்தியா?”

“ரெண்டு தடவ எழுத்துக் கூட்டிப் பாத்தேன். பேரு மட்டுந்தான், குடும்பப் பேரு இல்ல.”

எழுந்து பின் அறைக்குப் போனார். தையல் மெஷினின் இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டது. மூன்று உறைகளோடு வந்தார். எலாஸ்டிக் போட்டுக் கட்டியிருந்தது.

“எண்பத்தொண்ணுல அப்பா சாமானுங்கள ஒழிக்கும்போது கெடச்சுது. எங்கம்மாவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. இது தபால்ல வந்த காலத்துல, கவர்ல பொம்பள பேரு மட்டும் அவளுக்குத் தெரிஞ்சுது. யாரு இந்த ஓபல்னு சட்டியக் கையில வச்சுக்கிட்டுக் கேட்டா. ஒரு குளிர்காலம் முழுக்க அவருக்குச் சோறு போட்டா, பேசல.”

“அவரு என்ன சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லல. தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னாரு. ஊரே அப்படித்தான் நெனச்சுது. நானும் நெனச்சேன், முப்பது வருஷம்.” உறைகளை மேசைமேல் வைத்தார். “அவரு செத்த பொறவு படிச்சாத் தெரியுது, யாரோ ஒரு அக்கா தம்பியத் தேடுறா. அப்பாவுக்குத் தெரியாது, அதான் பதில் போடலன்னு விட்டுட்டேன். தெரியாட்டி எதுக்கு அத்தன வருஷம் பத்திரமா வச்சிருந்தாருன்னு நான் யோசிக்கல. யோசிக்க வேணாம்னு இருந்தேன்னும் சொல்லலாம்.”

ஓபல் ரஸ்க். தெற்கே ஒரு நிலக்கரி ஊரிலிருந்து எழுதியிருந்தாள்.

முதல் கடிதம், 1950 ஜனவரி: *ஐயா, என் தம்பி டெல்மர் ரஸ்க் கடைசியாக எழுதிய கடிதத்தில் உங்கள் பெயர்தான் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் சாப்பிட்டானாம். உங்கள் சின்ன மகள் பல் விழுந்த இடத்தை அவனிடம் காட்டினாளாம். பனிக்கு முன்னால் வந்துவிடுவதாக எழுதியிருந்தான். கெட்ட செய்தி என்றாலும் பரவாயில்லை, எழுதுங்கள்.*

இரண்டாவது அதே போல, சுருக்கமாக. மூன்றாவது, 1951 நவம்பர், இரண்டே வரி: *அவனுடைய நாய் செத்துவிட்டது. அவனைப் பார்த்தால் சொல்லிவிடுங்கள்.*

மூன்றாவது உறைக்குள் இன்னொரு தாள் இருந்தது. வேறு கையெழுத்து. தடுமாறிய இங்கிலீஷ்.

*அன்புள்ள மிஸ் ரஸ்க், நான்*

*அன்புள்ள மிஸ் ரஸ்க், உங்கள் தம்பி நல்ல வேலைக்காரன், அவன்*

*அன்புள்ள மிஸ் ரஸ்க், என்னுடைய கோட்டு*

அதற்குக் கீழே வெற்றுத் தாள்.

[இந்தக் கதைக்கு நான் போட்ட ஆரம்பங்களும் மூன்று. வைனோ என்னைவிட நல்ல எழுத்தாளர். மூன்றாவதில் சரியான இடத்துக்கு வந்துவிட்டார்.]

சாவியும் சாவியும் பொருந்திவிட்டன. அத்தையிடம் இருந்தது கடிதம், என்னிடம் இருந்தது நோட்டு. தனித்தனியாக இருந்தவரை யாருக்கும் எதுவும் தெரியாமல் இருந்தது. சேர்த்துவைத்தது நான்.

ஹெல்வி அத்தை உறைகளை மறுபடி எலாஸ்டிக் போட்டுக் கட்டினார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: “பல்ல காட்டினேனாம். எனக்கு ஞாபகமே இல்ல, மாரிட். அந்த அறை ஞாபகம் இருக்கு. பொக நாத்தம் ஞாபகம் இருக்கு. அந்த ஆளு மூஞ்சி ஞாபகம் இல்ல.”

“அத்தை, சனிக்கெழம மணி…”

“தெரியும் நீ எதுக்கு வந்தன்னு.” குரல் மாறிவிட்டது. “எனக்கு எண்பத்தொண்ணு. புருஷன் போயாச்சு, அக்கம்பக்கத்துல பேசறதுக்கு ஆளில்ல. வருஷத்துல ஒரு நாள் அந்தப் படியில நின்னு எங்கப்பா கதையச் சொல்லி நாலு பேரச் சிரிக்க வைக்கிறேன். அதையும் புடுங்கிக்கணுமா ஒனக்கு?”

“அந்த அக்கா மூணு தடவ எழுதியிருக்காங்க, அத்தை.”

“படிச்சது நான். எனக்குத் தெரியாதா?”

நோட்டை அங்கேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னார். வைத்தேன். கதவருகில் நான் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தபோது பாதி ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி என் கோட்டுப் பையில் திணித்தார்.

7

முடிவுகள். எழுதிப் பார்த்தவை.

ஒன்று. அத்தை எட்டுப் பெயர்களை வாசித்து நிறுத்துகிறார். நான் ஒன்பதாவது முறை இழுக்கிறேன். கூட்டம் திரும்பிப் பார்க்கிறது. [கதைக்கு நல்ல முடிவு. ஆனால் தோள் கட்டோடு என் பக்கத்தில் நிற்கும் கிழவியிடமிருந்து ஊரார் முன்னிலையில் அவருடைய அப்பாவைப் பறிக்கிறேன். அந்தப் பெயரை வாசித்தவர் யாரும் இல்லாததால், மணி யாருக்கு அடித்தது என்று யாருக்கும் தெரியாது.]

இரண்டு. எட்டு முறை இழுத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டே நிற்கிறேன். [அப்படி நிற்கும் வேலை வைனோவிடமிருந்து எனக்கு வந்துவிடுகிறது. எனக்குப் பிறகு யாருக்கோ.]

மூன்று. அத்தையே சொல்லிவிடுகிறார். [நான்கு முறை எழுதினேன். நான்கிலும் அவர் என்னைப் போலப் பேசுகிறார். எனக்கு வேண்டியதை அவர் வாயில் வைக்கிறேன்.]

நவம்பர் 13, புதன். கடையின் இடைவேளையில் ஓபலின் ஊர் நூலகத்துக்குத் தொலைபேசி செய்தேன். எடுத்த பெண் அடுத்த நாள் கல்லறைத் தோட்டத்துக்கே போய்ப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள். முன்பின் தெரியாத எனக்காக.

“ஓபல் அம்மா கல்லு இருக்குங்க. எண்பத்தெட்டுல எறந்துட்டாங்க, பிள்ளைங்க இல்ல. பக்கத்துலயே தம்பிக்கும் ஒரு கல்லு வச்சிருக்காங்க.”

“டெல்மருக்கா? அவரு ஒடம்பு அங்க இல்லியே!”

“ஆமா, கீழ ஆளு இல்லன்னுதான் பதிவேட்டுல இருக்கு. கல்லுல பேரு இருக்கு. பொறந்த வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டு. அப்பறம் ஒரு சின்னக் கோடு. அதுக்கு அந்தப் பக்கம் வழவழன்னு இருக்கு. எழுத எடம் விட்டு வச்சிருக்காங்க போல.”

அத்தைக்குத் தொலைபேசி செய்தேன். எடுக்கவில்லை. நூலகப் பெண் சொன்னதை அப்படியே, கூட்டாமல் குறைக்காமல், ஒரு தாளில் எழுதி அவருடைய கடிதப் பெட்டியில் போட்டேன். அன்று வியாழன். மாலை வகுப்புக்கு அவர் வரவில்லை. காப்பி இல்லை. நில்ஸ் என் கட்டுரையைக் கேட்டார். இன்னும் சரிபார்க்க வேண்டும் என்றேன். அது பொய்யில்லை.

8

நவம்பர் 15. வெள்ளி.

வேட்டையின் முதல் நாள். நேற்றுப் பகல் முழுவதும் கடையில் வேட்டைக்காரர்களின் ஆரஞ்சு நிறச் சட்டைகளும் தோட்டாக்களும் விற்றுத் தீர்ந்தன. இன்று ஊரில் ஆண்பிள்ளை வாசனையே இல்லை. ராய் மட்டும் இருந்தார். அவருக்கு முட்டி வலி. “அம்பது வருஷத்துல மொத தடவ, இன்னைக்கு ஒரு மானும் எனக்குப் பயப்படாம இருக்கு” என்று நாற்பது முறை சொன்னார்.

நான்கு மணிக்குத் தொலைபேசி.

“சாவிக் கடையா?”

“அத்தை!”

“நாளைக்குப் படிக்கிற பட்டியல நீதானே அச்சடிக்கிற?”

“ஆமா.”

“போன வருஷம் எழுத்து எறும்பு மாதிரி இருந்துச்சு. பெருசா அடி. பனியில என் கண்ணாடி மூடிக்கும்.”

“சரி அத்தை.”

மறுமுனையில் கெட்டில் கொதிக்கும் சத்தம். அதை அவர் நிறுத்தவில்லை.

“எட்டுப் பேருக்குக் கீழ கொஞ்சம் எடம் விடு.”

“என்ன எழுதணும்?”

“எழுதாத. எடம் மட்டும் விடு. நான் படிப்பனா மாட்டனான்னு எனக்கே தெரியல. அங்க வந்து நின்னாத்தான் தெரியும்.”

“நான் கயித்தப் புடிச்சிட்டு நிக்கவா?”

“நில்லு. எவ்ளோ நேரம்னு கேக்காத.” பிறகு, வழக்கமான குரலில்: “படியில உப்புப் போடச் சொல்லு. இன்னொரு தோளும் போயிடப்போவுது.” வைத்துவிட்டார்.

வாசகருக்கு: இதற்கு மேல் என்னிடம் கதை இல்லை. நீங்கள் இதை வாசிக்கும்போது மணி அடித்து முடிந்திருக்கும். எட்டா ஒன்பதா என்பது எங்கள் ஊருக்குத் தெரிந்திருக்கும். இன்று எழுதும் எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு இந்தப் பக்கத்துக்குத் திரும்பி வந்து சேர்க்க மாட்டேன். அந்த வரி அத்தையுடையது. நான் நிரப்பினால், இறந்தவனுக்கு இன்னொரு முறை வேறொருவர் கோட்டை மாட்டிவிட்டது போலாகும். நீங்கள் நிரப்பத்தான் வேண்டும் என்றால், அவருடைய எண்பத்தொரு வயதையும் கையில் வைத்துக்கொண்டு நிரப்புங்கள். அந்த மூன்றாவது கடிதத்தையும்.

நாளை:

ஒன்பது மணிக்கு முன் துறைமுகம் போக வேண்டும். படிகளில் உப்பு. கயிற்றில் ஐஸ் பிடித்திருந்தால் வெந்நீர் ஊற்றாமல் உதறி எடுக்க வேண்டும். பட்டியல் இரண்டு பிரதி, பெரிய எழுத்து. எட்டுப் பெயர்கள், கீழே ஒரு வரி இடம். அத்தை கேட்டால் கொடுக்க ஒரு பேனா, குளிரில் மை உறையாமல் சட்டைக்குள் வைத்துக்கொள்ள.

பென்சிலும் ஒன்று.